பைலட் புஷ்ஷும் கம்பங்களியும்

பெரம்பலூர் பஸ் ஷெட்டில் கரி பஸ் காலையிலிருந்து வயிற்றைத் திறந்து போட்டபடி நின்றது. யுத்தம் வந்த பிறகு பெட்ரோலை மறந்து கரியைத் தின்று ஓடுகிற வண்டி. அரியலூருக்குப் போக அன்றைக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. பட்டாளத்து ரயில் ஒன்று பொழுது சாயும் நேரத்தில் அரியலூரில் தண்ணீர் பிடிக்க நிற்கும், அதில் என் வீட்டுக்காரர் போகிறார் என்று குரும்பலூர்க்காரர் ஒருவர் வந்து சொல்லியிருந்தார். எந்தக் கடலைத் தாண்டிப் போகிறார் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பிடித்த கம்பங்களியைக் கிண்டித் தூக்குவாளியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

வெயிலில் கண் சொருகியது. சொருகும்போதெல்லாம் அவர் கரிப்புகைக்குள்ளிருந்து நடந்து வந்தார், முகம் மட்டும் தெரியவில்லை. விழித்தால் பஸ்ஸுக்கு அடியில் மெக்கானிக் காசிநாதனின் கால்கள்தான். தூங்குகிறாரா வேலை பார்க்கிறாரா என்று அந்தக் கால்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசியில் அவரே வெளியே வந்து சொன்னார். கிளட்ச் பிளேட் புதுசு வந்துவிட்டதாம். ஆனால் இஞ்சினின் பின்பக்கக் குழிக்குள் பைலட் புஷ் என்று ஒரு பித்தளை வளையம் தேய்ந்துபோய் இறுகிக் கிடக்கிறதாம். உளியால் நோண்டினால் குழி கெட்டுவிடும். துளை நிறையக் கிரீஸைத் திணித்து, அளவான தண்டை வைத்து அடித்தால், போக இடமில்லாத கிரீஸ் வளையத்தின் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளும். கிரீஸ்தான் ஷெட்டில் துளியும் இல்லை.

அவர் பார்வை என் மடிக்கு வந்தது.

"அதுல களிதானேங்க? கெட்டியா இருந்தா அதுவே தள்ளிடும்."

தூக்குவாளியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் பஸ் நகராவிட்டால் களியை யாருக்குக் கொடுப்பது? நானே அடியில் தவழ்ந்து போனேன். இன்னொருவர் கை அதில் படப் பொறுக்கவில்லை. களியைப் பிட்டுப் பிட்டு அந்தக் குழிக்கு ஊட்டினேன். காசிநாதன் தண்டில் துணி சுற்றிச் செருகி அடித்தார். வளையம் அசையவில்லை. இன்னும் திணித்தேன், இன்னும் அடித்தார். தூக்குவாளி காலியாகும் நேரத்தில் வளையம் மெல்ல, மனசில்லாமல், வெளியே வந்தது.

பிறகு புது வளையம் போட்டதும், ஆளுக்கொரு கை கொடுத்துக் கியர் பாக்ஸைத் தூக்கி மாட்டியதும், கம்பங்கொல்லைகள் இரண்டு பக்கமும் மிதந்து போனதும் கனவில் நடந்த மாதிரிதான் இருக்கிறது.

அரியலூரில் ரயில் நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாசற்படியில் தொங்கியபடி கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முகம் தெரிந்தது. இளைத்திருந்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு வாசற்படிக்குப் போனேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். பையிலிருந்து பட்டாளத்து ரொட்டியை எடுத்துப் பிட்டு என் கையில் வைத்தார். தின்னத் தின்ன மறுபடி வைத்தார். வண்டி நகர்ந்தபோது என் வாய் நிறைய ரொட்டி இருந்தது. எப்போது வருவீர்கள் என்று கேட்க முடியவில்லை.