கேப்டன் பரசுராமனின் மூன்று குருமார்

1971 ஆனி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, விண்கலத் தலைவர் கேப்டன் பரசுராமன் கதையிலிருந்து இறங்கி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏலவார்குழலியின் வீட்டுக் கதவைத் தட்டினார். கலத்தைச் சர்வதீர்த்தக் குளத்துக்கு மேலே நிறுத்தியிருந்தார். அதன் நிழலில் பட்டு நூல் காயவில்லை என்று சாயக்காரர்கள் முறையிட்டதால், நகராட்சி ஆள் ஒருவர் வந்து நாலு முழம் மேற்கே தள்ளி நிறுத்தச் சொன்னார். கேப்டனும் தள்ளி நிறுத்தினார். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

ஏலவார்குழலிக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை. வாசகசாலையின் கையெழுத்து மாத இதழில் அவள் எழுதிவந்த தொடர்கதையின் நாயகன்தான் இந்தப் பரசுராமன். பதினோராம் அத்தியாயத்தில், பழுது பார்க்கக் கலத்துக்கு வெளியே போன பொறியாளர் ஜெயம்மாளின் கயிறு நையத் தொடங்கியது. அரைமணி நேரத்துக்கான மூச்சுக்காற்றோடு அவளை அந்தரத்தில் தொங்கவிட்டு, ‘தொடரும்’ என்று போட்டிருந்தாள். அடுத்த அத்தியாயத்தில் கேப்டன் போய் அவளை மீட்க வேண்டும். ஆனால் ‘கேப்டன் கிளம்பினார்’ என்று எழுதும்போதெல்லாம் மை காய்வதற்குள் அந்த வரி மறைந்துபோனது. அதற்கு விளக்கம் சொல்லத்தான் அவர் நேரில் வந்திருந்தார்.

“தப்பா நெனைக்காதம்மா. எனக்கு மீசை எழுதுன, பூட்சு எழுதுன. யாரு கிட்ட இன்னா கத்துக்கினேன்னு ஒரு வரி எழுதல. நான் வெளிய போனா உள்ள இருக்குற நாப்பது பேரு கதி இன்னா? எப்டி முடிவு பண்றதுன்னே எனக்குத் தெரியல.”

நியாயமான குறைதான். கேப்டனுக்கு ஒரு குரு தேவை என்று வாசகசாலைப் பலகையில் எழுதிப் போட்டாள். காஞ்சிபுரத்தில் எழுதக்கூடாத வாசகம் அது ஒன்றுதான் என்பது அவளுக்குப் பிற்பாடு விளங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராமலிங்கம் கடமையைப் பற்றி எட்டு மாதம் வகுப்பெடுத்தார். முன்னுரை முடிவதற்குள் கேப்டனின் மீசை நரைத்துவிட்டது. அடுத்து வந்த வேதாந்தி தர்மன், கயிறும் பொய், அதில் தொங்குகிறவளும் பொய் என்று ஐயமற நிறுவினார். அதைக் கேட்டுக் கேட்டுக் கேப்டன் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றார். சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கினார். மூன்றாமவர் ‘சிந்தனைச் சிகரம்’ இளங்கோவன். அந்தப் பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கி, ஏற்புரையும் தாமே ஆற்றியவர். ஒருத்தி பெரிதா, நாற்பது பேர் பெரிதா என்று அவர் மேடை மேடையாகப் பேசியதில் கேப்டனுக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. போகிற வழியெல்லாம் அவை ஒன்றையொன்று மறுத்துப் பேசிக்கொண்டே வந்தன.

இவர்கள் பாடங்களிலும், கதையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்ற தகராறிலும் இதழ் ஒன்றரை வருஷம் வரவில்லை. அதுவரை ஜெயம்மாள் ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு மேலே, நல்ல வெயிலில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். இதழ் வராததால் அவளுடைய அரைமணி நேரம் தீரவில்லை. கயிறு மட்டும் நைந்துகொண்டே இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஏலவார்குழலி அண்ணாந்து பார்த்தாள். ஒன்பது புரிக் கயிற்றில் 1973 பொங்கலுக்கு ஒரே ஒரு புரி மிஞ்சியிருந்தது. அன்று அவளுக்குப் பொங்கல் இறங்கவில்லை.

அந்த வாரம் ஏலவார்குழலியின் அண்ணன் தறியில் பாவு, அதாவது நெடுக்கே ஓடும் நூல், தீர்ந்தது. பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கி ஒட்டச் செல்லியம்மாள் வந்தாள். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் நாலாயிரத்துச் சொச்சம் இழையும் முடியாமல் எழமாட்டாள். யாரும் உபதேசம் செய்யாத இடம் என்று கேப்டன் அங்கே போய் மிதந்தார்.

“காலக் கீழ வையிபா. நீ ஆடற காத்துல இழை பறக்குது,” என்றாள் செல்லியம்மாள், நிமிராமல்.

கேப்டன் காலை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இத்தனை ஆயிரம் இருக்கும்போது ஒன்று விட்டுப்போனால் என்ன என்று கேட்டார். மூன்று குருமாரிடமும் அவர் கேட்ட அதே கேள்விதான்.

“வுட்டுப்போன எடத்துல கோடு விழும். சேலை முழுக்க விழும். மிச்சம் நாலாயிரமும் ஒழுங்கா இருந்து இன்னா புண்ணியம்? பாக்கறவ கண்ணு அந்தக் கோட்டுலதான் நிக்கும்.” கேப்டன் நைந்த இழை ஒன்றைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள். “இழுக்காதபா, அறுந்துடும். புதுசு ஒண்ண எடுத்து ஒட்டு.”

கேப்டன் எழுந்தபோது நிழல் ஒன்றுதான் விழுந்தது. மிஞ்சிய பட்டிழையில் ஒரு கண்டும், ஒரு பிடி சாம்பலும் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் சிந்தனைச் சிகரம் தொண்டையைக் கனைத்தார். கேப்டன் நிற்கவில்லை. ஏலவார்குழலி உள்ளே ஓடி ‘கேப்டன் கிளம்பினார்’ என்று எழுதினாள். மை காய்ந்தது. அடுத்த வரியையும் எழுதினாள். அதுவும் காய்ந்தது.

ஒட்டிய இழையைப் பிடித்துக் கலத்துக்குள் வந்த ஜெயம்மாள், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். “படிச்சிக்கினு இருந்தேன்,” என்றார் கேப்டன், தலை குனிந்தபடி.

கேப்டனை உருவாக்கிய மூவரின் பெயர்களையும் பொறித்த கல்வெட்டு வாசகசாலையில் இருக்கிறது. எழுத்துகள் ஒரே அளவு, அளந்துதான் வெட்டினார்கள். திறப்புவிழாவுக்குச் செல்லியம்மாள் வரவில்லை. அவளை யாரும் கூப்பிடவுமில்லை, அன்றைக்கு அவளுக்கு வேறொரு வீட்டில் பாவு இருந்தது. கேப்டன் ஒட்டிய இழையின் மறுநுனி மட்டும் வானத்திலிருந்து ஏலவார்குழலியின் கொல்லைப்புறம் வரை இறங்கி நின்றுவிட்டது. அதைக் கிணற்றுத் தூணில் கட்டித் துணி காயப்போடுகிறார்கள். ஐப்பசி மழையிலும் நன்றாகக் காய்கிறது.