எந்த மூலம்?

சுருளிவேலுக்கும் அது வர வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. வந்தது. மனசார மகிழ்ந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் பெயர் மகாராணி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை. இருபது பெண்கள் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்து பச்சை வேறு, வெளிறியது வேறு, வெடித்தது வேறு என்று பிரிப்போம். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழ முடியும். கக்கூஸ் சாவி சூப்பர்வைசர் சுருளிவேலின் சட்டைப்பையில் இருக்கும். கேட்டால், "இப்பத்தானக்கா போனீக, சோலியப் பாருங்க" என்பான். அவனிடம் கெஞ்சுவதற்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே மேல் என்று பழகிவிட்டோம்.

அப்படி அடக்கி அடக்கித்தான் எனக்கு மூலம் வந்தது. முதலில் அரிப்பு, பிறகு ரத்தம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஆரம்பந்தான், பயப்படாதீங்க" என்று செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் ஒன்று, மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும் என்பது.

மறுநாள் அதைச் சுருளிவேலிடம் தனியாகப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவன் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"கேட்டீகளா, மகாராணிக்கு மூலமாம்! சிம்மாசனத்துல உக்கார முடியலையாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். என் தூக்குச்சட்டியில் பங்கு போட்டுத் தின்றவளும் சிரித்தாள்.

அந்தப் பேச்சு கடையோடு நிற்கவில்லை. ஜீப்பில் ஏறி மலைக்குப் போனது, பஸ்சில் ஏறிப் பொட்டிபுரம் போனது. போய்ச் சேர்ந்தபோது, "மகாராணி வீட்டுல மூலம்" என்று சுருங்கியிருந்தது.

பொட்டிபுரத்தில்தான் என் மகள் பொன்னுமணிக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பிரதீப், போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போன பிறகுதான் பேச்சே வந்தது. ஆவணியில் கல்யாணம். பையனின் அப்பா மட்டும் ஒரு தினுசு. பேசி முடிக்க வந்த அன்று, நாற்காலி போட்டும் உட்காராமல் கதவோரம் நின்றே காப்பி குடித்துவிட்டுப் போனார். மிடுக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

அவர்தான் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, பொண்ணுக்கு மூல நட்சத்திரமாமே? மாமனார் உசுருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே மறைச்சீகளா?"

"அய்யோ, அவளுக்கு ரோகிணிங்க. ஜாதகத்துலயே இருக்கே."

"ஜாதகத்த மாத்தி எழுத எம்புட்டு நேரமாகும்? ஊரே சொல்லுது, ஒங்க வீட்டுல மூலம்னு."

"அது அந்த மூலம் இல்லங்க."

"பெறகு எந்த மூலம்?"

சம்பந்தியாகப் போகிறவரிடம் எந்த வாயால் சொல்வேன்? வாயடைத்து நின்றேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கல்யாணம் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார்.

பொன்னுமணி அழுது தீர்த்துவிட்டுக் கேட்டாள். "ஒன் வியாதிக்கு என் கல்யாணந்தான் கெடச்சுச்சாம்மா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் சுருளிவேல் என்று அன்றே முடிவு செய்தேன்.

டாக்டரம்மா சொன்னபடி நடந்து ஒரு மாதத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. சாவி தரும்வரை அவன் எதிரிலேயே நின்றேன். போன மானம் போயிற்று, இனி என்ன?

வைகாசியில் ஒரு நாள் சுருளிவேல் நாற்காலியில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நாளெல்லாம் எழாதவன்; தினமும் புரோட்டா சால்னா. மறுநாள் தலையணை வந்தது. அடிக்கடி மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சொறிந்துவிட்டு வந்தான். பட்டவளுக்குத் தெரியாதா? மூன்று நாள் டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். "சாப்புடு தம்பி, எளச்சுப் போயிட்ட." சாப்பிட்டான்.

நான்காம் நாள் கண் கலங்க வந்தான்.

"யக்கா, ஒங்களுக்கு எப்பிடிக்கா சரியாச்சு? பஸ் ஸ்டாண்டு செவுத்துல நோட்டீஸ் ஒட்டுன ஆள்ட்டப் போனேன். என்னமோ களிம்பு குடுத்தான். சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுறேன். எரியுதுக்கா."

"சொல்றேன். மொதல்ல ஞாயித்துக்கெழம என்கூடப் பொட்டிபுரம் வா."

பஸ்சில் இடம் கிடந்தும் அவன் நின்றுகொண்டே வந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடினான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன்.

பிரதீப் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "அன்னைக்குக் கத்தித்தான சொன்ன? அதே மாதிரி சொல்லுப்பா."

"நட்சத்திரம் இல்லீங்க," என்றான் சுருளிவேல். "இது உக்கார்ற எடத்துல வர்ற மூலம். அக்காவுக்கு வந்துச்சு. நான் கேலி பண்ணி ஊருக்கே சொன்னேன். இப்ப எனக்கும் வந்துருச்சுங்க."

பிரதீப்பின் தங்கச்சி சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடினாள். பிரதீப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். யாருக்கு என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் சாய்ந்து நின்றபடி, "ஒங்களுக்கு இப்பத் தேவலையா?" என்று கேட்டார்.

"சுத்தமாச் சரியாயிருச்சுங்க."

"கல்யாணத்த ஆவணியிலயே வச்சுக்கிருவோம்," என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது சுருளிவேலுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

"சோப்பு, களிம்ப விடு. வெறுந்தண்ணியில கழுவி, துணியால ஒத்தி எடு. தேய்க்காத, சொறியாத. அகலமான பேசின்ல தாங்குற சூட்டுல வெந்நி ஊத்தி, பத்து பதினஞ்சு நிமிசம் உக்காரு. தெனம் ரெண்டு மூணு தடவ. புரோட்டாவக் கொற. கீரை, கொய்யாப்பழம், நெறையத் தண்ணி. வந்தா அடக்காத, முக்காத. உள்ள உக்காந்து போன் பாக்காத. ரத்தம் வந்தா டாக்டரம்மாகிட்ட வெரசாப் போ. இப்ப அந்தக் கக்கூஸ் சாவியக் கொண்டா."

கொடுத்தான். அது இப்போது கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

பின்னாலேயே பிரதீப்பின் அப்பா வந்தார். வாசலில் வண்டி இருந்தும் நடந்தே வந்திருந்தார். சுருளிவேல் தள்ளிப் போகும்வரை காத்திருந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வைத்தியம்... என்ன செஞ்சீக, சம்பந்தி?"

நாற்காலி போட்டும் உட்காராத மிடுக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எந்த மூலத்துக்குங்க?" என்று கேட்டேன்.

அன்று போனில் நான் நின்ற மாதிரியே அவரும் வாயடைத்து நின்றார். பஸ் வந்துவிட்டது.

"கல்யாணம் முடியட்டும் சம்பந்தி, சொல்றேன்," என்று ஏறி உட்கார்ந்தேன். ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.