ஈரத்துக்கு இரண்டு

சந்திரகாந்தா டீச்சருக்கு எசமானர்கள் இரண்டு பேர். அவளுடைய வேலை தேயிலைத் தோட்டத்துத் துரையின் கையில் இருந்தது, பள்ளிக்கூடம் கல்வி இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. துரை நினைத்தால் டீச்சரை அனுப்பிவிடலாம். இன்ஸ்பெக்டர் நினைத்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடலாம். இரண்டு பேரில் ஒருவருடைய முகமும் கோணாமல் பார்த்துக்கொண்டால் காலத்தை ஓட்டிவிடலாம் என்று, அவளுக்கு முன்பிருந்த வாத்தியார் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே, பஸ் நிற்கும் கடைசி இடத்திலிருந்து இன்னும் ஒன்றரை மைல் ஏற வேண்டும். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த சந்திரகாந்தா எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு இங்கே வந்தாள். வயது இருபத்திரண்டு. பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு மண்டபம், அதில் ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர். மேலே தகரம். மழை பெய்தால் தகரம் பாடம் நடத்தும், டீச்சர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன வருஷச் சோதனையில் பிள்ளைகள் கணக்கில் கவிழ்ந்திருந்தார்கள். அடுத்த முறை நாலாம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கில் நூற்றுக்கு அறுபது புள்ளி வராவிட்டால் பள்ளிக்கூடத்தின் பதிவு ரத்து என்று இன்ஸ்பெக்டர் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ரத்தானால் பிள்ளைகள் மூன்று மைல் தள்ளியுள்ள பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்குப் போகலாமாம். காகிதத்தில் எழுதுகிறவருக்கு என்ன, அவரை அட்டை கடிக்கவா போகிறது? ஒரு பிள்ளையும் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். துரைக்கும் தெரியும். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. உரமூட்டை அடுக்க இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் பாடம் நடக்கும்போதே உள்ளே வந்து, அளவு நாடாவைப் பிடித்துச் சுவரை அளந்துவிட்டுப் போனார். பிள்ளைகள் எழுந்து நின்று அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள்.

கணக்கு ஏறாததற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வாய்ப்பாட்டை அவர்கள் பாட்டாகப் படித்திருந்தார்கள். ராகம் சுத்தமாக இருக்கும். நடுவில் நிறுத்தி, "எட்டேழு எத்தனை?" என்று கேட்டால் மட்டும் எல்லோரும் முதலிலிருந்து பாடத் தொடங்கிவிடுவார்கள். சந்திரகாந்தா பிரம்பை எடுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், இரண்டு மாதம் தொண்டை வற்றக் கத்தியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வெளியே போன பிறகு, மேசையில் தலையைச் சாய்த்து அழுதும் பார்த்தாள். அதிலும் பிரயோசனமில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே கொய்யாமரத்தடியில் நடப்பதைக் கவனித்தாள். கொய்யாக்கிளையில் ஒரு தடி தொங்கியது. தடியின் இரு முனையிலும் சிரட்டை. ஒரு சிரட்டையில் களைச்செடி இலை, மற்றதில் கூழாங்கல். கல் ஒன்றுக்கு ஒரு றாத்தல் எடை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தைத்தான் பிள்ளைகள் அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக் கமலாட்சி தலையில் துவாயைக் கட்டி, காதில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு கணக்கப்பிள்ளையாக நின்றாள். அசல் கணக்கப்பிள்ளை செல்லச்சாமிக்கு இருக்கும் இருமல்கூட அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

"அடுத்த ஆளு வா! மசமசன்னு நிக்காத. பதினாறு. கூடைக்கி ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு. பதிமூணு. போ போ. ஒனக்குப் பதினொண்ணு. கூடைக்கி ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு. எட்டு. என்னா முறைக்கிற?"

காலையில்தான் இதே கமலாட்சி, பதினாறில் மூன்று போனால் எத்தனை என்று கேட்டதற்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள். இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்து விழுகிறது. சந்திரகாந்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை அந்தத் தடி மண்டபத்துக்குள் கூரை வளையில் தொங்கியது. சட்டம் ஒன்றே ஒன்று. கணக்குச் சரியாகச் சொல்லும் வரைக்கும் கணக்கப்பிள்ளைத் தலைப்பாகை தலையில் இருக்கும், பிழைத்தால் அடுத்தவர் தலைக்குப் போய்விடும். தலைப்பாகைக்காகப் பிள்ளைகள் எதையும் செய்யத் தயாராக இருந்தார்கள். நேற்றுவரை விரல்விட்டு எண்ணிய பழனிமுத்து, விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு மனதுக்குள் கூட்டத் தொடங்கினான். காலை நிறுவை, பகல் நிறுவை, பின்னேர நிறுவை என்று மூன்றையும் சேர்த்து நாள் கணக்குச் சொன்னார்கள். விளையாட்டு முடிந்ததும் அதே எண்களைச் சிலேட்டில் வெறும் எண்ணாகவும், மாங்காயாகவும், வெண்டிக்காயாகவும் போட்டார்கள். ஒரு தாய் மட்டும் வந்து சண்டை பிடித்தாள்.

"நாங்க நிறுக்கிறது பத்தாதா டீச்சர்? புள்ளையப் படிக்க அனுப்பினா இங்கயும் கொழுந்தையா நிறுக்க வைக்கிறீங்க?"

கூடைக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று பிள்ளைகள் கழிப்பதை சந்திரகாந்தா கேட்காமல் இல்லை. கேட்டு மகிழ்ந்துபோனாள். கூட்டலோடு கழித்தலும் சேர்ந்து வருகிறது, அதுவும் சொல்லிக்கொடுக்காமலே. யாருக்குக் கசக்கும்? கூடைக்கும் கொஞ்சம் பாரம் உண்டு, நனைந்த கொழுந்துக்கும் பாரம் உண்டு என்ற அளவில் அவளுக்கு விளங்கியது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. மடுவத்துப் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. டீச்சர் என்றால் அங்கே போகிற வழக்கமில்லை. போனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பேச்சு, ஒபீஸில் இன்னொரு பேச்சு.

அறுபத்துமூன்றாம் வருஷம் மார்ச் மாதம் இன்ஸ்பெக்டர் பதுர்தீன் வந்தார். மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. பாதைப் புழுதி அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் முழங்கால்வரை ஏறியிருந்தது. மாத்தளைக்காரர், குரல் உயர்த்தாதவர், எழுதும்போது மட்டும் ஈவிரக்கம் பார்க்காதவர். அவருக்குத் தேத்தண்ணீர்ப் போத்தலோடு கணக்கப்பிள்ளை செல்லச்சாமி வந்து வாசலருகே நின்றார். தேத்தண்ணீர் ஒரு சாட்டு. முடிவு என்ன என்று கேட்டுக்கொண்டு போய்த் துரையிடம் சொல்ல வேண்டும். உரமூட்டை இறங்கப் பத்து நாள்தான் இருந்தது.

இரண்டே கணக்கு, இருபத்திரண்டு பிள்ளைகள். கணக்கு ஒன்றுக்கு ஐம்பது புள்ளி. ஒன்று பிழைத்தால் ஐம்பதோடு நிற்கும், அறுபது எட்டாது. இன்ஸ்பெக்டர் சிரட்டைத் தராசைக் கண்டார். பிள்ளைகளுக்குப் பழக்கமானதாகக் கேட்போம் என்று அவருக்கு நல்ல மனம் வந்தது.

"சரி புள்ளைகள், இப்படி எழுதுங்க. இன்னைக்கு மாதிரி நல்ல வெயில் நாள். அம்மா காலையில பதினெட்டு றாத்தல் கொழுந்து நிறுத்தாங்க. பகல்ல பதினஞ்சு. பின்னேரம் பதிமூணு. அன்னைக்கு மொத்தம் எத்தனை றாத்தல்?"

சந்திரகாந்தா மனதுக்குள் கூட்டினாள். நாற்பத்தாறு. லேசான கணக்கு. சிலேட்டுகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

முப்பத்தேழு. பழனிமுத்துவின் சிலேட்டிலும் முப்பத்தேழு. கடைசி வாங்கில் இருந்த சின்னப் பெண்ணின் சிலேட்டில், ஏழு இடம் வலம் மாறி நின்றாலும், முப்பத்தேழுதான். இருபத்திரண்டு சிலேட்டிலும் அதே எண்.

"என்ன டீச்சர்," என்றார் இன்ஸ்பெக்டர், "பிழையில்கூடவா இவ்வளவு ஒற்றுமை? பார்த்து எழுதப் பழக்கியிருக்கிறீங்களா?"

அவள் பக்கத்துச் சிலேட்டை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை இடம் மாற்றி, ஒருவருக்கொருவர் முதுகு காட்ட உட்கார வைத்தார். இரண்டாம் கணக்குக்கு எண்களைக்கூட மாற்றவில்லை. பதினெட்டு மாங்காய், பதினைந்து மாங்காய், பதிமூன்று மாங்காய்.

நாற்பத்தாறு, நாற்பத்தாறு, நாற்பத்தாறு. இருபத்திரண்டும் சரி.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். முன் வாங்கிலிருந்த கமலாட்சியை எழுப்பினார்.

"மகள், மாங்காய் நாற்பத்தாறு. கொழுந்து மட்டும் ஏன் முப்பத்தேழு?"

"நீங்க மூணு தரம் நிறுத்தீங்க சேர்," என்றாள் அவள். இவ்வளவு பெரிய மனுஷருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கம் குரலில் இருந்தது. "ஒரு தரத்துக்கு மூணு கழியும். கூடைக்கி ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு. மும்மூணு ஒம்பது."

"நான்தான் வெயில் நாளென்று சொன்னேனே. ஈரம் எங்கேயிருந்து வந்தது?"

"வெயிலடிச்சாலும் ஈரத்துக்கு ரெண்டுதான் சேர். மழ பேஞ்சா நாலு."

வாசலில் செல்லச்சாமி இருமினார். பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள், இருமல் கமலாட்சியின் இருமலைப் போலவே இருந்ததால்.

சந்திரகாந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு மாதம் தன் காதால் கேட்டுச் சந்தோஷப்பட்ட கழித்தல் அது. மூன்று கிழமை மழையில்லாத மலையில், அந்தத் தாய்மார்களின் முதுகிலிருந்து ஈரத்தின் பெயரில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு றாத்தல் போய்க்கொண்டிருந்தது. அதைத் தலைப்பாகை கட்டி, கைதட்டி, தானே பழக்கியிருக்கிறாள். சண்டை பிடிக்க வந்தவளின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். பொறுப்பை அடுத்தவர் கைக்கு மாற்றுவதில் உத்தியோகத்தர்களுக்கு ஈடில்லை, நல்லவர்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை.

"டீச்சர், இது உங்கட வகுப்பு. முதல் கணக்கு சரியா, பிழையா? நீங்க சொல்லுறதை நான் எழுதுறேன். சரியென்றால் காரணத்தையும் எழுதணும். இந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று கல்விக் கந்தோருக்குப் போகும், ஒன்று துரைக்குப் போகும்."

பிழை என்றால் ஐம்பது புள்ளி, பள்ளிக்கூடம் உரமூட்டைக்கு. சரி என்றால் பள்ளிக்கூடம் நிற்கும், ஆனால் துரை அதைப் படிப்பார். இரண்டு முகமும் கோணாத விடை அந்தக் கணக்குக்கு இல்லை. கமலாட்சி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தன் விடை எப்படிப் பிழையாகும் என்று விளங்காமல் டீச்சரைப் பார்த்தாள்.

"சரி சேர்," என்றாள் சந்திரகாந்தா. "இந்தத் தோட்டத்துல அதான் சரியான விடை."

"காரணம்?"

"கமலாட்சி சொன்னாளே, அதையே எழுதுங்க."

அவர் எழுதினார். வெயில் நாள், ஈரத்துக்கு இரண்டு, மழை நாள், ஈரத்துக்கு நான்கு என்பதுவரை ஒன்றும் விடாமல் எழுதி, கீழே நூற்றுக்கு நூறு என்று போட்டுக் கையொப்பம் வைத்தார். போகும்போது தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை.

செல்லச்சாமி போத்தலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார். குரலில் கோபம் இல்லை.

"பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் டீச்சரம்மா. ஒங்களுக்கும் வம்பில்ல, எனக்கும் வம்பில்ல. எனக்கு மேல உள்ளவங்க சொல்றத நான் கழிக்கிறேன்."

"அப்ப ஸ்கூலும் முடிஞ்சிருக்குங்களே," என்றாள் அவள்.

மூன்றாம் கிழமை இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, பள்ளிக்கூடத்தின் பதிவு ஐந்து வருஷத்துக்கு நீடிக்கப்பட்டது என்று கல்விக் கந்தோரிலிருந்து. மற்றது, ஏப்ரல் கடைசியோடு டீச்சரின் சேவை தேவையில்லை, புதிய மாஸ்டர் ஒருவர் வருவார், அதுவரை பள்ளிக்குள் தராசு வைத்து விளையாடக் கூடாது என்று தோட்டத்து ஒபீஸிலிருந்து. சந்திரகாந்தா தடியை அவிழ்த்து, சிரட்டைகளைக் கமலாட்சியிடம் கொடுத்தாள். உரமூட்டைகளைப் பழைய மாட்டுக் கொட்டகையில் அடுக்கினார்கள்.

கடைசி நாள் இடைவேளையில் அவள் தன் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலை போகிறதென்று வீட்டுக்கு இன்னும் எழுதவில்லை. வெளியே கொய்யாமரத்தடியில் தராசு மறுபடியும் தொங்கியது. பள்ளிக்கு உள்ளேதானே கூடாது என்று கடிதம் சொன்னது.

கமலாட்சி தலைப்பாகையோடு நின்றாள். ஒரு சிறுமி இலையைக் கொட்டினாள்.

"பதினாலு," என்றாள் கமலாட்சி. பிறகு, முன்பு செய்யாத ஒன்றைச் செய்தாள். கையைப் புருவத்தில் வைத்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். இருமினாள். "கூடைக்கி ஒண்ணு. பதிமூணு. போ."

சந்திரகாந்தா ஜன்னலருகே வந்தாள்.

"கமலாட்சி, ஈரத்துக்கு?"

"வெயிலு டீச்சர்," என்று பிள்ளை வானத்தைக் காட்டினாள். "இப்ப கணக்கப்பிள்ள மேல பாத்துட்டுத்தான் கழிக்கிறாரு."

"எப்ப இருந்து?"

"அந்த சேர் வந்து போன மறு கிழமையில இருந்து."

"மழை பெய்தா?"

"மழ பேஞ்சா நாலுதான்," என்றாள் கமலாட்சி. "அடுத்த ஆளு வா!"

சந்திரகாந்தா அங்கேயே நின்று அந்த ஆட்டம் முடியும்வரை பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் மணியடித்தாள்.