பதினெட்டு ஏக்கரில் விழுந்த விமானம்

நைஜல் ஆஷ்கிராஃப்ட் தப்பான இடத்தில் தோண்டப்போகிறான் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என் மனைவி டோரீன் இன்றுவரை கேட்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியும். என் வாயால் வரவேண்டும் என்பதற்காகக் கேட்கிறாள்.

1941 மே மாதம் ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் அடிபட்டு, எங்கள் லிங்கன்ஷயர் களிமண்ணில் மூக்குக் குத்தி இறங்கியது. விழுந்த வயலுக்குப் பெயர் பதினெட்டு ஏக்கர். மூன்று பேர் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார்கள். விமானி லூட்கே குதிக்கத் தாமதித்துவிட்டான். அவன் உடல் பக்கத்து வயலில் கிடைத்தது, எங்கள் தேவாலயத்து மயானத்தில் புதைத்தார்கள். மேலே கிடந்த தகரத்தை ராணுவம் லாரியில் அள்ளிக்கொண்டு போனது. இரண்டு எஞ்சின்களும் மண்ணுக்குள் போய்விட்டன. தோண்டி எடுக்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

நான் பதினாலு வயதில் அந்தப் பண்ணையில் சேர்ந்தவன். நாற்பத்தைந்து வருடம் அந்த மண்ணை உழுதிருக்கிறேன். விமானத்தைப் பற்றி இருபது வருடம் தேடினேன். மழை பெய்து வேலை நின்ற நாளெல்லாம் நகரத்து நூலகத்தில் பழைய பேப்பர் புரட்டினேன். பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினேன். விமானம் விழுந்த அன்றைக்குக் காவலுக்கு நின்ற போலீஸ்காரரின் மகளைத் தேடிப் போய், அவர் எழுதி வைத்ததைக் கையாலேயே நகலெடுத்தேன். மூன்று நோட்டு நிறைந்தது. தோண்டுவதற்குத்தான் வழியில்லை. அதற்கு நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும், அமைச்சகம் உரிமம் தர வேண்டும். நிலத்துக்காரர் என் முதலாளி ஸ்டென்னட்.

ஒவ்வொரு வருடமும் கேட்பேன். "அறுப்பு முடியட்டும் மால்ட்பி" என்பார். அறுப்பு முடிந்ததும், "விதைப்பு முடியட்டும்."

நைஜல் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லண்டன் பக்கமிருந்து வந்து நாலு வருடம்தான் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டென்னட் வீட்டில் மதுக்கோப்பையைக் கையில் பிடித்தபடி ஒரு தடவை கேட்டான். கிடைத்துவிட்டது. ஒரு வருட உரிமம், வயல் முழுவதுக்கும், அவன் பெயரில்.

ஸ்டென்னட் என்னைக் களத்தில் பார்த்து, "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத மால்ட்பி. செப்டம்பரோட அவன் உரிமம் முடியுது. அவனுக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னா அடுத்த வருஷம் நீ தோண்டிக்கோ, போ" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் மாதம் நைஜல் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்கினான். வாசல் கேட்டுக்குப் பக்கத்து மூலையில் கருவி விடாமல் கத்தியது. வளைந்த அலுமினியம், துப்பாக்கித் தோட்டா, ஆணி அடித்த தகடு என்று ஒரு வாளி நிறையக் கிடைத்தது. ஊர் மன்றத்தில் மேஜை போட்டுப் பரப்பி வைத்தான். வரைபடத்தில் அந்த மூலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான்.

வரைபடம் பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். உழுதவனுக்குத் தோன்றாது. கலப்பையில் இரும்பு தட்டினால் இறங்கி, எடுத்து, வண்டியில் போட்டுக்கொண்டு, திரும்பும்போது கேட் மூலையில் வீசிவிட்டுப் போவது எங்கள் பழக்கம். அப்படியே விட்டால் உருளைக்கிழங்கு எடுக்கும் இயந்திரத்தின் பல் போகும். நாற்பது வருடமாக நாங்கள் வீசிய குப்பைதான் அந்த மூலை. அவன் வாளியில் இருந்ததில் பாதி என் கையால் வீசியது. விமானம் கிடப்பது அங்கிருந்து முந்நூறு கெஜம் தள்ளி, வடிகால் ஓரத்தில். வறண்ட வருடத்தில் அந்த இடத்தில் மட்டும் பார்லி முழங்கால் உயரம்கூட வராது. ஆழ உழுதால் மண் கறுப்பாகப் புரளும், எண்ணெய் வாடை அடிக்கும்.

மேஜைக்கு எதிரே நின்றேன். "நல்லாத் தேடியிருக்கீங்க சார்" என்றேன்.

"நீங்க இந்த வயல்ல உழுறவராமே? உங்க அபிப்ராயம் என்ன?"

"நான் டிராக்டர் ஓட்டுறவன் சார். எனக்கென்ன தெரியும்?"

டோரீன் பக்கத்திலேயே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வாரத்திலிருந்து அவள் நைஜலுக்குக் கடிதங்கள் தட்டச்சு செய்து கொடுக்கப் போனாள். செவ்வாயும் வெள்ளியும், புது ரவிக்கையில்.

"என் நோட்ட ஒரு நாள் தட்டியிருக்கியாடி நீ?" என்றேன்.

"கேட்டியா நீ? நோட்டைத் தொட்டாலே, தேன்கூட்டுல கைய வெச்ச மாதிரி குதிப்ப. அந்த மனுஷன் கேக்குறாரு. கேட்டுட்டுத் தேங்க்ஸும் சொல்றாரு."

"லண்டன்காரன் தேங்க்ஸு இனிக்குது."

"இனிக்குதுதான். முப்பத்தஞ்சு வருஷமா நான் காணாதது."

அவள் தட்டிய கடிதம் ஒன்று ஜெர்மனிக்குப் போயிற்று. செத்த விமானியின் தம்பி எவால்ட் லூட்கே பதில் போட்டார். செப்டம்பரில் தோண்டும் நாளுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். விமானியின் பெயர் எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அவனுக்கு வீடு இருக்கும், வீட்டில் ஆள் இருக்கும், ஒரு கடிதம் போடலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நைஜலுக்குத் தோன்றியது. இதற்காக அவனை நான் இன்னும் கொஞ்சம் அதிகமாக வெறுத்தேன்.

உரிமம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஜேசிபி வந்தது. ஊரில் பாதி வரப்பில் நின்றது. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்திருந்தாள். எவால்ட் லூட்கே எழுபது வயது ஆள், டிராம் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். கைவிரல் ஒன்றில் பாதி இல்லை. போர்க்கைதியாக இரண்டு வருடம் நம் நாட்டில் சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு பிடுங்கியவராம். அதனால் எங்கள் பேச்சு அவருக்கு வந்தது. வந்ததும் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து, "சனியன் பிடிச்ச மண்ணு, மாறவே இல்ல" என்றார். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூலையில் தோண்டினார்கள். மூன்றடியில் தகடு, பாதி லாடம், கலப்பைக் கொழுவின் முனை, உடைந்த சங்கிலி. ஆறடியில் சுத்தமான நீலக் களிமண். எட்டடியில் அதே களிமண். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பக்கவாட்டில் வெட்டினார்கள். ஒன்றுமில்லை.

ஜேசிபி ஓட்டிய வாரன் எட்டிப் பார்த்து, "நைஜல் சார், இன்னும் ரெண்டு வாளி போட்டா ஆஸ்திரேலியா வந்துரும்" என்றான். வரப்பில் சிரிப்பு. நானும் சிரித்தேன். பல வருடத்துக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு அது. நைஜலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அவன் எவால்டிடம் போய், "மன்னிச்சிருங்க. உங்கள இவ்வளவு தூரம் வரவெச்சு..." என்றான்.

எவால்ட் அவன் இரண்டு தோளையும் பிடித்தார். "இரும்பு கிடந்துட்டுப் போகுது, விடுங்க. அம்பது வருஷத்துல எங்க அண்ணன் பேரச் சொல்லி எங்க வீட்டுக்குக் கடுதாசி போட்டது நீங்க ஒருத்தர்தான். எங்கம்மா இருந்திருந்தா உங்க கையில முத்தம் குடுத்திருப்பா." பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். விமானப்படை உடுப்பில் ஒரு பையன், காது பெரியது. "இது உங்க ஊர்ல, உங்ககிட்ட இருக்கட்டும்."

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேமரா மின்னியது.

தோற்றவனுக்கு மாலையா? நான் இன்னும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் என்னுடையது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் என் கால் நடந்தது.

"அவன் தோண்டினது எங்க குப்பைமேடுங்க!" என்று கத்தினேன். "நாங்க வீசின குப்பை! விமானம் அங்க கிடக்குது, வடிகாலோரம்! இருபது வருஷமா எனக்குத் தெரியும்! அந்த ஆளுக்கு ஒரு எழவும் தெரியாது!"

நைஜல் என்னைப் பார்த்தான். "அப்ப மார்ச்ல கேட்டனே, மிஸ்டர் மால்ட்பி?"

டோரீன்தான் பதில் சொன்னாள்: "அவருக்குத் தெரியும். சொல்ல மனசு வரல." சத்தம் போடாமல் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

ஸ்டென்னட் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். "உரிமம் வயல் முழுசுக்கும்தானே? வெளிச்சம் இருக்கு. வண்டிய அங்க விடுப்பா வாரன்."

இடத்தை நானே காலால் குத்திக் காட்டினேன். வேறு என்ன செய்வது? நாலடியில் மண் கறுத்தது. ஏழடியில் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது, நேற்றுக் கொட்டியதுபோல. பதினோரடியில் வாளிப்பல் எதிலோ உரசிக் கிறீச்சிட்டது. வாரன் வண்டியை நிறுத்தினான். களிமண்ணுக்கு நடுவில் எஞ்சினின் முதுகு, கறுப்பாக, எண்ணெய் பளபளக்க. ஏணி இறக்கினார்கள். எவால்ட் முதலில் இறங்கி, அந்த அரை விரல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

நைஜல் ஏணியைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டான். "வாங்க மிஸ்டர் மால்ட்பி. இது உங்க இடம். நீங்க இறங்கணும், நீங்கதான் படத்துல நிக்கணும்."

கேலி இல்லை. உண்மையாகத்தான் கூப்பிட்டான். அவன் திட்டியிருந்தால் இறங்கியிருப்பேன். அவன் கொடுத்து நான் வாங்குவதா?

"முழங்கால் வலி" என்றேன்.

"காலைலதான் டிராக்டர்ல தாவி ஏறின" என்றாள் டோரீன்.

"வலிக்குதுங்குறேன்ல?"

அவள் ஒரு நிமிடம் எனக்காக நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். நைஜல் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான். அதை மாட்டிக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி, ஏணியில் இறங்கினாள்.