தானாய் நடந்த வேலி

இதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால் நல்லூரான் என் நாக்கில் வேல் குத்தட்டும். போன பங்குனி இரண்டாம் செவ்வாய், காலை பத்தே காலுக்கு, வட்டுக்கோட்டையில் வேர்விட்ட நாற்பத்திரண்டு கதியால் தடிகளும் பனையோலை அடைப்புமாக நின்ற ஓர் எல்லை வேலி, ஒருவரும் தொடாமல், ஒன்றரைச் சாண் தூரம் நடந்தது. அன்று தேங்காய் நூற்றெண்பது ரூபாய்.

அந்த வேலி மார்க்கண்டரின் வீட்டு வளவுக்கும் பக்கத்து வீட்டுப் பிரகலாதன் வளவுக்கும் பொது. 1931இல், வேலி அடைக்கிற சாட்டில் கதியால்களை அயல் வளவுக்குள் தள்ளி அரக்கி நட்டார் என்று மார்க்கண்டரின் பாட்டனாருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. அன்று தொடக்கம் ஊரில் எவர் காணி அளந்தாலும் அந்த வீட்டாரை அளவு நாடாவின் நுனியைப் பிடிக்க விடுவதில்லை. மார்க்கண்டர் முப்பது வருடம் பஸ்ஸில் ரிக்கற் கிழித்து, ஊருக்கெல்லாம் மிச்சக்காசு சரியாகக் கொடுத்தவர். அப்படியிருந்தும் அளக்கிற நாளில் கையைக் கட்டிக்கொண்டு தள்ளித்தான் நிற்கவேண்டும். வயது எழுபத்திரண்டு. கண்மூடுமுன் ஒருதரம் அந்த நுனியைப் பிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

பல்கலைக்கழகத்தில் குற்ற வழக்குகளின் வரலாறு படிப்பிக்கிற சிவகௌரி, கறையான் தின்று மிச்சம் விட்ட ஒரு பழைய கோப்புக் கட்டுக்குள் அந்த வழக்கைக் கண்டெடுத்தார். வழக்கைக் குற்றம் நடந்த இடத்தில் நின்றே வாசிக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பதினொரு மாணவரோடு வந்து நாடாவை விரித்தார். மார்க்கண்டர் கையை நீட்ட, பிரகலாதன் குறுக்கே வந்தார்.

"அண்ணை, நீங்கள் விடுங்கோ. பிள்ளையள் பிடிப்பினம்."

மார்க்கண்டர் கையை மடக்கிக்கொண்டார். சிவகௌரி பாட்டனாரின் வாக்குமூலத்தை வாசித்தார்: "நான் அரக்கேல்லை, துரை. வேலி தானாய்ப் போனது." நீதவான் சிரித்தார் என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. அந்த இடத்தை வாசித்து முடித்ததும், வெள்ளத்தைக் கடக்க வேட்டியைத் தூக்குகிறவர்களைப் போலக் கதியால்கள் வேரைத் தூக்கின. மார்க்கண்டரின் வளவுக்குள்ளேயே ஒன்றரைச் சாண் வந்து, மறுபடி ஊன்றிக்கொண்டன. ஓரத்தில் நின்ற ஒரு கதலி வாழை பிரகலாதன் பக்கமாயிற்று.

தனுசியா என்ற மாணவிதான் முதலில் வாய் திறந்தாள். "மிஸ், கள்ளன் தன்ரை காணியைக் குறைப்பானோ?"

"உந்தக் கேள்வியை எழுதும் பிள்ளை. நேரத்தையும் போடும்," என்றார் சிவகௌரி.

"குலையோடை வந்திருக்கு," என்றார் பிரகலாதன், வாழையைப் பார்த்தபடி.

"வெட்டும் தம்பி, வெட்டும்," என்ற மார்க்கண்டருக்கு, அந்த வீட்டாரின் தொண்ணூறு வருடத்து மூச்சு ஒன்றாய் வெளியே வந்தது. பிரகலாதன் நாடாவின் நுனியை அவரிடமே நீட்டினார்.

"இந்தாங்கோ அண்ணை. ஆடாமல் பிடியுங்கோ."

"எனக்கேன் சொல்லுறீர்? வேலிக்குச் சொல்லும்."

சிவகௌரியின் கட்டுரை அச்சில் வந்தது. சரிபார்த்தவர்கள் சாணைச் சென்ரிமீற்றராக மாற்றச் சொன்னதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மானிப்பாய் வரை எங்கே காணி அளந்தாலும் மார்க்கண்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரே நாளில் நாலு வளவு. வேலி அதற்குப்பிறகும் மூன்று முறை நடந்திருக்கிறது. நடக்கப்போகிற அன்று இரண்டு வீட்டாரும் கோழிகளை மறித்துக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

போய்ப் பார்க்கப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: இரண்டு வளவுக்கும் நடுவே இருப்பது வேலியல்ல, நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய சீமெந்து மதில்.