பதிமூன்றாவது ரீல்

கோபாலுக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை இருக்கிறது, மூட்டு வலி இருக்கிறது, மருமகள் மதிவதனி இருக்கிறாள். இதற்கெல்லாம் அசராத மனிதர் போன மாதம் ஒரு சினிமாப் படத்தை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போட்ட சோறு அப்படியே திரும்பி வந்ததாக மதிவதனிதான் சொன்னாள். நானாகப் போய்க் கேட்கவில்லை. குழாயடியில் நின்றால் காதில் விழத்தான் செய்யும்.

எல்லாம் டில்லிபாபு ஆரம்பித்த வேலை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில், எங்கள் தெருவுக்கு எதிரே, கார் ஏற்றிப் போகும் நீள லாரிகள் நிற்கிற இடம் அவனுடையது. அவன் அப்பா கோதண்டம் இருந்த காலத்தில் அங்கேதான் எங்கள் கொட்டகை இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, ஒரே ஒரு புரொஜெக்டர். ஆண்களுக்கு வலது பக்கம், பெண்களுக்கு இடது பக்கம், நடுவில் இடுப்புயர மண்சுவர். முன்னால் உட்கார்ந்தவளின் கொண்டை மறைத்தால் மணலைக் குவித்து அதன் மேல் ஏறி உட்காருவோம். பின்னால் இருப்பவள் இன்னும் உயரமாகக் குவிப்பாள். படம் முடிகிறபோது கொட்டகைக்குள் ஒரு மலைத்தொடரே இருக்கும். சாயங்காலம் கூம்பு ஸ்பீக்கரில் சாமி பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு ஓடி வந்தவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களில் இரண்டு பேர் இப்போது மாமியார்கள்.

டில்லிபாபு சின்ன வயதில், சென்னையில் கடற்கரை ரோட்டுப் பக்கம் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற தியேட்டருக்கு ஒரு முறை போயிருக்கிறான். அது மூடியே பல வருடம் ஆகிறது. அவனுக்கு மட்டும் அந்த ஆசை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இடத்தில் லாரி குறைவு. பக்கத்துக் கிடங்கின் பின்சுவர் வெள்ளையாக நாற்பதடிக்கு நிற்கிறது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் புரொஜெக்டரும் மைக் செட்டும் கிடைக்கின்றன. கார்களுக்கென்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டான். இந்த ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கார் செய்கிறார்கள் என்று கணக்கே இல்லை. செய்கிறவர்கள் எல்லோரும் பைக்கில்தான் வருகிறார்கள். கோட்டை அழித்துவிட்டு, சின்னதாகத் திரும்பப் போட்டான்.

முதல் படம் எது என்று கேட்கக் கிளியம்மாளின் மெஸ்ஸுக்குப் போனான். தெற்கிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்களில் பாதிப் பேருக்கு அவள்தான் இட்லி போடுகிறாள். வயது அறுபத்திரண்டு; எல்லோருக்கும் அக்கா.

"யக்கா, மொத படம் இன்னா போடலாம், நீ சொல்லு. பெருசுங்களும் வரணும், பசங்களும் வரணும்."

"நம்ம கொட்டாயில மூணு வாரம் ஓடிச்சே, அந்தம்மா மழையில நின்னு அழுவுமே, அத்த போடு," என்றாள் கிளியம்மாள். "அழுதாலும் கடசீல சேந்துடுவாங்க. மனசுக்கு நல்லாக் கீதுல்ல."

சாம்பார் வாளியோடு இருந்த சக்திகுமார் உடனே போனைத் தட்டினான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கம்பெனியில் லைன் வேலை. லீவு நாளில் அக்காவுக்குப் பரிமாறுவான். "எவனோ புண்ணியவான் ஏத்தி வச்சிருக்கான்க்கா. ரெண்டரை மணி நேரம், முழுசா கெடக்கு."

அந்த 'முழுசா' காதில் விழுந்ததும் மூலை மேசையில் இருந்த கோபால் பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கை கழுவவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

கோபால்தான் அந்தக் கொட்டகையின் ஆபரேட்டர். அந்தப் படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; வேறெங்கும் ஒரு வாரம்கூட ஓடாத படம், எங்கள் ஊரில் மட்டும் இருபத்தோரு நாள் ஓடியது. கதை இவ்வளவுதான். சந்தேகக்காரப் புருஷன் பெண்டாட்டியைக் கைக்குழந்தையோடு வெளியே தள்ளுகிறான். அவள் பஸ் ஸ்டாண்டில் மழையில் நின்று அழுகிறாள். அடுத்தது ஒரு சின்ன வீடு. வாசலில் ஐந்து வயதுப் பெண் விளையாடுகிறது. கிருதா நரைத்த புருஷன் பழப் பையோடு வாசலில் நிற்கிறான். அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் கண் கலங்குகிறான். வணக்கம். அவன் திருந்திவிட்டான், குடும்பம் சேர்ந்துவிட்டது என்று ஊரே மூக்கைச் சிந்தியது. மழை எப்போது விட்டது, கைக்குழந்தை ஒரே நொடியில் எப்படி ஐந்து வயதானது என்று ஒருவரும் கேட்கவில்லை. சினிமாவில் குழந்தைகள் அப்படித்தான் வளரும். காஞ்சிபுரத்தில் பார்த்த ஒருத்தர் வேறு கதை சொன்னபோது, நடுவில் தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டோம்.

அந்த இருபத்தோரு நாளில் கிளியம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. கைக்குழந்தை கங்காவோடு அம்மா வீட்டுக்கு வந்து ஆறு மாதம். அவள் புருஷன் திருமலை வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் இருந்தான். அவளை இரண்டு முறை வெளியே தள்ளியவன். அவள் அந்தப் படத்தை ஒரு திங்கட்கிழமை பார்த்தாள். புதன்கிழமை துணிப்பையோடு வந்து இன்னொரு முறை பார்த்தாள். கொட்டகை வாசலிலிருந்து அப்படியே கடைசி பஸ் ஏறி, கூப்பிடாத புருஷனிடம் திரும்பிப் போய்விட்டாள். முப்பது வருடம் அவனோடு இருந்தாள். திருமலை திருந்தினானா என்றால், திருந்தினான். கடைசி மூன்று வருடம், படுக்கையில் விழுந்த பிறகு.

சக்திகுமார் தங்கியிருக்கும் அறையும் என் துணி துவைக்கும் கல்லும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். அன்று சாயங்காலம் கோபால் அங்கே வந்தார். எனக்கும் அலச வேண்டிய துணி நிறைய இருந்தது.

"தம்பி, அந்தப் படத்துல மழை சீனுக்கு அப்பறம் ஒரு பத்து நிமிசம் வரும். அத்தத் தள்ளி வுட்டுடு."

"எதுக்கு தாத்தா? அசிங்கமா ஏதும் வருதா?"

"சீ. சும்மா பேசிக்கினே இருப்பா. போரு."

"போரடிச்சா அவனவன் போன நோண்டிட்டுப் போறான். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

நான் துணியைக் கும்முவதை நிறுத்தினேன்.

"அதுல அவ புருசன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூப்புடுவான், தம்பி. அவ போமாட்டா. ரூம் எடுத்து, தையல் மிசின் வாங்கி, தனியா நின்னுடுவா. புள்ளயப் பாக்கணும்னா மாசத்துக்கு ஒரு தபா வாசலோட வந்து பாத்துட்டுப் போன்னு அவன்கிட்ட சொல்லிடுவா. கடசீல அவன் வாசல்ல நிக்கிறானே, அது அதுக்குத்தான். சேந்ததுக்கு இல்ல. அந்த ரீலத்தான் நான் ஓட்டல."

"ஏன் ஓட்டல?"

"ஒம்பதரைக்குக் கடசி பஸ்ஸு. பதினாலு ரீலும் ஓட்டுனா ஒம்பதே முக்கா ஆயிடும், ஜனங்க நடுரோட்டுல நிக்கும். எந்தப் படம் வந்தாலும் ஒரு ரீல வுட்டுடுன்னு கோதண்டம் மொதலாளி சொல்லிட்டாரு. இதுல பதிமூணாவதுல பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல. எடுத்து வச்சிட்டேன்." ராத்திரி இரண்டாவது ஆட்டத்திலும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை, அவருக்கும் தூக்கம் வருமே. "அது இல்லாத படத்தப் பாத்துட்டுத்தான் கிளி புருசன்கிட்ட திரும்பிப் போச்சு. பையத் தூக்கிக்கினு பஸ் ஏறுறத மிசின் ரூமு வாசல்லேந்து பாத்துக்கினு இருந்தேன்."

"கூப்புட்டுச் சொல்லிருக்கலாம்லா தாத்தா."

"இன்னான்னு சொல்றது? படத்துல அவ போவல, நீயும் போவாதன்னா? ஊருல இன்னா பேசுவாங்க?"

ஊரில் என்ன பேசுவார்கள் என்று அவர் பயந்ததில் தப்பில்லை. பேசுவதற்கு அப்போது நான் இருந்தேன்.

சக்திகுமார் கடைசியில் இப்படிச் சொன்னான்: "நான் தள்ள மாட்டேன் தாத்தா. லேப்டாப் பக்கத்துல நீங்களே இருங்க. இந்தப் பட்டனைத் தட்டுனா நேரா கடைசி சீனுக்குப் போற மாதிரி வச்சுத் தாரேன். தட்டுததும் தட்டாததும் ஒங்க இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கெல்லாம் இடம் நிறைந்துவிட்டது. பைக்குகளை ஸ்டாண்டு போட்டு அதன் மேலேயே உட்கார்ந்ததில், அத்தனை தலைகளும் இடது பக்கம் ஒரே அளவுக்குச் சாய்ந்திருந்தன. கார் ஏற்றும் லாரி ஒன்றின் மேல்தட்டில் டிரைவரும் கிளீனரும் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, அது பால்கனி டிக்கெட் என்றார்கள். மண்சுவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எங்கள் வயதுப் பெண்கள் எல்லோரும் ஒருத்தரும் சொல்லாமலே இடது பக்கம் போய் நாற்காலி போட்டுக்கொண்டோம். தரையில் மணல் இல்லை, சிமெண்டு. முன்னால் இருந்தவளின் கொண்டையை ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த வயதில் அவளுக்குக் கொண்டையும் இல்லை.

டில்லிபாபு சரியாக அதே சாமி பாட்டைப் போட்டான். பக்கத்தில் இருந்த, எங்கள் தெரு ஷாரோனின் அம்மா, அடுப்பை அணைத்தோமா என்று திடீரென்று எழுந்தாள். வீட்டில் கேஸ் அடுப்பு, அன்றைக்குச் சமைக்கவே இல்லை. திரும்ப உட்கார்ந்தாள்.

கிளியம்மாள் மெஸ்ஸை மூடிவிட்டு, பட்டுக் கரை போட்ட புடவையில் வந்திருந்தாள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்கூட்டியே கதை சொன்னாள். மழை வந்தது. சுவரில் அந்தப் பெண் நனைந்தாள். "இப்ப பாரு, சேந்துடுவாங்க," என்றாள் கிளியம்மாள்.

நான் படத்தைப் பார்க்கவில்லை, கோபாலைப் பார்த்தேன். லேப்டாப் வெளிச்சம் அவர் முகத்தில் நீலமாக விழுந்தது. விரல் பட்டனுக்கு மேலே நின்றது. பிறகு அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

சுவரில் புருஷன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். கிளியம்மாள் பேச்சை நிறுத்தினாள். அந்தப் பெண் முந்தானையைப் பிழிந்துகொண்டே, உன் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். ரூம் எடுத்தாள். தையல் மிஷின் மிதித்தாள். குழந்தை நடந்தது, பள்ளிக்கூடப் பை மாட்டியது. இத்தனை வருடம் நாங்கள் ஒரே தாவலில் தாண்டிவிட்ட வளர்ச்சி முழுதும் நிதானமாக நடந்தது. திரும்ப வந்தவனிடம், வாசலோடு நில் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"இது எங்க இருந்து வந்துச்சு?" என்றார் யாக்கோபு. கொட்டகையில் சோடா விற்றவர். "இருபத்தோரு நாளும் நான் உள்ளதான் நின்னேன். இது இல்லவே இல்ல. இந்தப் பசங்க கம்ப்யூட்டர்ல புச்சா சேத்துட்டானுங்க."

"நாங்க எதுக்கு பெரியப்பா சேக்கப் போறோம்?" என்று பைக்குகளிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

கடைசிக் காட்சி வந்தது. அதே வாசல், அதே பழப் பை, அதே சொம்புத் தண்ணீர். இந்த முறை யாரும் மூக்கைச் சிந்தவில்லை.

படம் முடிந்ததும் கிளியம்மாள் நேரே லேப்டாப் இருந்த மேசைக்குப் போனாள். என் டிபன் கேரியரையும் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன், எடுக்கப் போனேன்.

"கோபாலண்ணா. இது அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ பாத்தியா?"

"படப் பொட்டி வந்த அன்னிக்கு ஓட்டிப் பாத்தேன்."

"அப்பறம் ஏன் காட்டல?"

"ஒம்பதரை பஸ்ஸு, கிளி. ஒரு ரீல வுட்டாத்தான் ஜனங்க அத்தப் புடிக்க முடியும்."

"அந்த பஸ்லதான் நானும் போனேன்," என்றாள் அவள்.

கோபால் தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு வார்த்த திட்டிடு கிளி."

"திட்டி இன்னா ஆவப் போவுது?" சுவர் பக்கம் திரும்பி, வெறும் வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் பேசுறா. ஆனா அந்தக் காலத்துல இங்க தனியா ஒரு பொம்பளைக்கு எவன் வூடு குடுத்தான்? சினிமாக்காரன்தான் குடுப்பான். இவங்க குடுத்திருப்பாங்களா?"

இவங்க என்றபோது அவள் என்னைப் பார்த்தாள். டிபன் கேரியர் மூடி சரியாக உட்காரவில்லை, அதை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் ஓட்டு," என்றாள்.

சக்திகுமார் கையை நீட்டினான். "நீ வாணாம்பா. அவரு ஓட்டட்டும்," என்று கிளியம்மாள் தடுத்தாள்.

கோபாலுக்கு லேப்டாப் தெரியாது. சக்திகுமார் காதோரம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பட்டனாகத் தேடி அமுக்கினார். ஷிப்டுக்குப் போக வேண்டிய பையன்கள் பைக்கைக் கிளப்பிப் போனார்கள். டில்லிபாபு வயர் சுற்ற வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கிளியம்மாள் நாற்காலியைச் சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுபடி மழை. மறுபடி புருஷன் வந்தான். வரமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னபோது கிளியம்மாள் உதட்டுக்குள் அதையே சொல்லிப் பார்த்தாள். அழுதாளா என்று மறுநாள் தெருவில் நாலு பேர் என்னிடம் கேட்டார்கள். அழவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

கதவு மூடியது. அடுத்து அந்த வாசலும் கிருதா நரைத்தவனும் வர வேண்டும்.

"போதும், இங்கயே நிறுத்து," என்றாள் கிளியம்மாள்.

கோபால் நிறுத்தினார். சாத்திய கதவு நாற்பதடிச் சுவரில் அப்படியே நின்றது. அணை என்று யாரும் சொல்லவில்லை.