ஏறாத வாடகை

மாதம் ஒருமுறை விலை எழுதப் போவது என் வேலை. கடைகளில் விலை, வீடுகளில் வாடகை. அதையெல்லாம் வைத்துத்தான் வாழ்க்கைச் செலவு ஏறியதா இல்லையா என்று எங்கள் அலுவலகம் அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தங்கை கணவர் வேலை பார்க்கும் ஆலையில் சம்பளம் ஏற்றுவார்கள்.

என் பகுதியில் தங்கையின் வாடகை வீடும் உண்டு.

"வாடகை ஏறிச்சா?"

"ஏறலையே அக்கா. ஓனர் தங்கமானவர். உள் ரூமை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டார். அதுக்கு வேற ஆள் வராங்களாம்."

மிச்சமிருந்த அறையில் கட்டில், அடுப்பு, துணிக்கொடி. அவள் மகள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். சாத்திக்கொள்ள அவளுக்கு அந்தக் கதவுதான் இருந்தது.

"அவசரம்னா பக்கத்து வீட்டுக்குப் போறோம் அண்ணி. மேடம் படிச்சு முடிக்கணுமே," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறை எத்தனை என்பதை, வீட்டை முதலில் பட்டியலில் சேர்க்கும்போது கேட்பதோடு சரி. பிறகு வாடகை மட்டும்தான் கேட்போம். அன்று எல்லா வீட்டிலும் அறையையும் கேட்டேன். பின்கட்டை இழந்தவர்கள் இருந்தார்கள், மாடியை இழந்தவர்கள் இருந்தார்கள். வாடகை மட்டும் அப்படியே. அவர்கள் ஒவ்வொருவர் தொகைக்குப் பக்கத்திலும் 'பாதி வீடு' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேலதிகாரி அதையெல்லாம் கோடு போட்டு அடித்தார். "தொகை மாறலையேம்மா."

"வீடு மாறிடுச்சே சார்."

"அதுக்கு இதுல இடம் இல்லை. சொந்தக்காரங்கன்னு உருகாதே."

இத்தனை வருஷமும் வாசலில் நின்றே கேட்டுவிட்டுத் திரும்பியவள் நான். உள்ளே என்ன குறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. என்மேலேயே வந்த அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவரே போட்டுக்கொண்டார்.

செலவு ஏறவில்லை என்று அறிவிப்பு வந்தது. சம்பளமும் ஏறவில்லை.

இந்த முறை மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை எங்க ஆலை ஆளுங்க கூடுறாங்க. நாங்க சொன்னா புலம்பல்னுவாங்க. எழுதினவங்க நீங்க. வந்து சொல்றீங்களா அண்ணி?"

"சும்மா இருங்க," என்றாள் தங்கை. "அக்கா பிழைப்புக்கு உலை வைக்காதீங்க."

பயம் வந்தது. பயந்துவிட்டேனே என்று, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.